அப்பா சொன்னது, அப்பத்தா சொன்னது

கலை அறிவியல் கல்லூரிகளில் முதலாண்டுப் பொதுத்தமிழைப் பற்றி எல்லோருக்கும் ஓர் எண்ணம் உண்டு. எப்படியாவது தேறிவிட வேண்டிய தாள், அவ்வளவுதான். வணிகவியலுக்குக் கணக்கியல் இருக்கிறது, கணினி அறிவியலுக்குப் பைதான் இருக்கிறது, இயற்பியலுக்கு ஆய்வகம் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் பகுதி 1 என்று முதல் வரியில் நிற்கும் தமிழை வேலைக்குப் போகும் இடத்தில் யாரும் கேட்பதில்லை. அதனால் கால அட்டவணையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய மணிநேரம் அதற்கு ஒதுக்கப்படுகிறது. ஆள் பற்றாத கல்லூரிகளில் இரண்டு துறைகளைச் சேர்த்து ஒரே அறையில் உட்கார வைப்பதும் நடக்கிறது.

ஒரு கல்லூரியின் மிக முக்கியமான வகுப்பு இதுதான் என்று நான் நம்புகிறேன். பதினேழு பதினெட்டு வயதில், வீட்டில் பேசி வளர்ந்த மொழியில், தனக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிச் சொந்தமாக யோசித்து இரண்டு பக்கம் எழுதிப் பார்க்க நம் கல்வியில் வேறு இடம் இல்லை. பள்ளியில் பொதுத்தேர்வு அதற்கு இடம் விடுவதில்லை. பின்னால் வரும் துறைத்தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், நோட்ஸை நம்பி நடக்கின்றன. இடையில் கிடைக்கும் இந்தச் சில மணிநேரத்தையும் ஆசிரியர் குறிப்பு எடுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டால், ஒருவர் தன் எழுத்தில் யோசிக்கிற அனுபவம் ஒருமுறைகூட வாய்க்காமலே பட்டம் வாங்கிப் போய்விடுவார்.

பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதவே தெரியவில்லை என்ற புகாரை ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கலாம். அது உண்மையில்லை. அவர்களுக்கு ஒரு கட்டுரை வடிவம் மிக நன்றாகத் தெரியும். முதலில் குறிப்புச்சட்டகம். பிறகு முன்னுரை, கறுப்பு மையில் அடிக்கோடிட்ட துணைத்தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஐந்தாறு வரி, பொருத்தமாக ஒரு குறள், கடைசியில் முடிவுரை. நூலகத்தின் பயன், மழைநீர் சேகரிப்பு, சாலைப் பாதுகாப்பு என்று எதைக் கொடுத்தாலும் நிரப்பிக் காட்டுவார்கள். திருப்புதல் தேர்வு, மாதிரித் தேர்வு என்று எழுதி எழுதித் தேர்ந்த கை.

அந்தப் பயிற்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. வீட்டில் செய்தித்தாள் வாங்காத பிள்ளைக்குக் கோனார் உரைதான் ஒரு செய்யுளுக்குள் நுழையக் கிடைத்த வாசல். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதினரில் உயர்கல்விக்கு வருவோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47. இந்தியா முழுவதற்கும் 28.4. இந்த வித்தியாசத்தில் அடங்கியிருப்பவர்கள் யார் என்பது வகுப்பில் நின்று பார்த்தால் தெரியும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தவர்கள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறவர்கள், விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து இரண்டு ஊர் மாறி வருகிறவர்கள். அந்த வடிவம்தான் இவர்களைப் பொதுத்தேர்வில் கரையேற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

அந்தக் கட்டுரைகளுக்கு வாய்க்காமல் போனது ஒன்றுதான்: அவற்றை யாரும் வாசித்ததில்லை. திருத்தியிருக்கிறார்கள். விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துணைத்தலைப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் அநேகமாக ஒருவரும் அவற்றைப் படித்ததில்லை. ‘அப்படியா? உனக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒருவரும் கேட்டதில்லை. பன்னிரண்டு வருஷம் எழுதியும் ஒரு வாசகரைச் சந்திக்காதவருக்குத் தான் எழுதுவதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்பது எப்படித் தெரியவரும்?

முதல் பருவத்தில் நான் கொடுக்கும் பயிற்சி எளியது. உனக்கு நினைவு தெரிந்த பிறகு உன் ஊரில் மாறிப்போன ஒன்றைச் சொல். ஏன் மாறியது என்று எழுது. இரண்டு பக்கம் போதும். வணிகவியல் மாணவி ஒருத்தி, சிவகங்கைப் பக்கத்துக் கிராமம், விவசாயத்தைப் பற்றி எழுதினாள். விவசாயம் நாட்டின் முதுகெலும்பு என்று ஆரம்பித்தது. இக்கால இளைஞர்களுக்கு உழைப்பில் நாட்டம் குறைந்துவிட்டது, செல்போனில் பொழுதைப் போக்குகிறார்கள், அதனால் எங்கள் ஊரில் விவசாயம் அழிந்தது, இளைஞர்கள் விழித்தெழ வேண்டும் என்று முடிந்தது. எழுத்துப்பிழை இரண்டோ மூன்றோதான்.

அந்தத் தாளின் ஓரத்தில் மூன்று கேள்விகள் எழுதினேன். உங்கள் வீட்டில் யார் விவசாயம் பார்த்தார்கள்? எந்த வருஷம் விட்டார்கள்? ஏன் விட்டார்கள் என்று அவர்களைக் கேட்டாயா? மதிப்பெண் போடவில்லை.

அடுத்து அவள் கொண்டுவந்தது வேறு கட்டுரை. கண்மாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வயல். கண்மாய் நிறைந்து மடை திறந்த கடைசி வருஷம் அவள் ஐந்தாம் வகுப்பு. வரத்துக்கால் தூர்ந்துபோனதும் அப்பா கிணற்றை ஆழப்படுத்தினார். அதுவும் வற்றியதும் போர் போட்டார். தண்ணீர் கிடைக்கவில்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். தண்ணீர் இல்லாததுதான் காரணம் என்று அப்பா சொன்னார். கடைசிப் பத்தியில், தயங்கித் தயங்கி எழுதியது போல, இரண்டே வரி: அப்பத்தாவைக் கேட்டபோது அப்படிச் சொல்லவில்லை. அத்தை கல்யாணத்துக்கு வயலை ஒத்திக்கு வைத்தார்கள், திருப்பவே இல்லை, நிலம் கையில் இருந்தால் மானாவாரியாகக் கடலையாவது போட்டிருப்பான் என்கிறது அப்பத்தா.

இந்த இரண்டு வரியில்தான் அவள் யோசிக்க ஆரம்பித்திருந்தாள். நம்பத்தகுந்த இரண்டு பேர், இருவரும் அந்த நிலத்தில் நின்றவர்கள், ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். இதற்கு விடைக்குறிப்பு கிடையாது. அவள் ஆசிரியர் அறைக்கு வந்து கதவோரம் நின்றுகொண்டு கேட்டாள்.

“அம்மா, அப்பா சொன்னதத் தப்புன்னு எழுதலாமாம்மா?”

“தப்புன்னு ஏம்மா எழுதணும்? அப்பா இப்படிச் சொல்றாங்க, அப்பத்தா இப்படிச் சொல்றாங்கன்னு எழுது. கிணத்த ஆழப்படுத்துனது, போர் போட்டது, ஒத்தி வச்சது... எது முதல்ல நடந்துச்சு? அதக் கேட்டியா?”

கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றியிருக்கவில்லை. அவள் மட்டுமில்லை, முன்பின் வரிசையை முதல் வரைவில் யாருமே கேட்டு வருவதில்லை. காரணத்தைப் பற்றிய பேச்சில் பாதி எது முந்தியது என்பதில் இருக்கிறது என்பது, ஒருமுறை தானே தேடிப் பார்க்காமல் மனதில் பதியாது.

மூன்றாம் வரைவுக்கு அவள் டிரங்குப் பெட்டியிலிருந்த ஒத்திப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். போர் போட்டுத் தண்ணீர் வராமல் போய் எட்டு மாதம் கழித்து எழுதியது அது. ஒத்திப் பணத்தில் ஒரு பங்கு போர் போட்ட கடனுக்குப் போயிருக்கிறது, மிச்சம் கல்யாணத்துக்கு. கல்யாணச் செலவு மட்டும் என்றால் திருப்பூர்ச் சம்பளத்தில் ஐந்தாறு வருஷத்தில் திருப்பியிருக்கலாம், இரண்டும் சேர்ந்ததால் முடியவில்லை என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தாள். அப்பா தண்ணீரில் ஆரம்பித்து எண்ணுகிறார், அப்பத்தா கல்யாணத்தில் ஆரம்பித்து எண்ணுகிறது. எனக்கு அப்பா சொல்வது பாதி சரியாகப் படுகிறது என்றும் எழுதியிருந்தாள். செல்போனில் பொழுதைப் போக்கும் இளைஞர்கள் அந்தத் தாளில் இல்லை. நான் அந்த வரியை அடிக்கவே இல்லை. அவர்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது. வணிகவியல் மாணவிதானே, வட்டிக் கணக்கை என்னைவிட நன்றாகப் போட்டிருந்தாள்.

அப்பாவை மறுக்கலாமா என்ற அவளுடைய கேள்வியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. விமர்சனச் சிந்தனை என்று பாடத்திட்டங்களில் இரண்டு சொல்லில் எழுதிவிடுகிறோம். பெரியவர் சொன்னால் எதிர்ப்பேச்சு கூடாது என்று வளர்ந்த பெண்ணுக்கு, ஆசிரியரைப் பார்த்தால் எழுந்து நிற்கும் பையனுக்கு, அது ஒரு திறன் பயிற்சியாக மட்டும் வருவதில்லை. மரியாதைக்குறைவு ஆகிவிடுமோ என்ற அச்சத்தோடு வருகிறது. அந்த அச்சம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் ‘துணிந்து கேள் தம்பி’ என்று முதுகில் தட்டுவதால் பயனில்லை.

பதில் சொல்ல வெளியூர்ப் புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர் தமக்கு முந்திய இளம்பூரணரைப் பல இடங்களில் மறுக்கிறார். உரையாசிரியர் என்று மதிப்போடு சுட்டி, அவர் கொண்ட பொருளை எடுத்துச் சொல்லி, ஏன் அது பொருந்தாது என்று காரணம் காட்டிவிட்டுத்தான் தம் பொருளைச் சொல்கிறார். மறுப்பதற்கு முன்னால் மறுக்கப்படுகிறவர் சொன்னதை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரியாதை அங்கேயே செலுத்தப்பட்டுவிடுகிறது. இதை வகுப்பில் சொல்லிவிட்டு நன்னூலுக்கு வருவேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், நூல் செய்கிறவர் எடுக்கக்கூடிய நிலைகள் ஏழு என்று ஒரு பகுப்பு இருக்கிறது. எழுவகை மதம் என்று பெயர். பிறர் சொன்னதற்கு உடன்படலாம். மறுக்கலாம். முதலில் ஏற்றுக்கொண்டு போய்ப் பிறகு களையலாம். தானே ஒன்றை நாட்டி அதை நிறுவலாம். இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒரு பக்கத்தைத் துணியலாம். பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டலாம். யாரோடும் சேராமல் தன் கருத்திலேயே நிற்கலாம். மேல்நிலை வகுப்பில் பாயிரம் என்றால் என்ன என்று படித்து, தேர்வில் எழுதிவிட்டு வந்தவர்கள்தான் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இது தங்களுக்கு, தங்கள் இரண்டு பக்கக் கட்டுரைக்கு உதவும் என்று அவர்கள் நினைத்ததில்லை. அப்பாவுக்கும் அப்பத்தாவுக்கும் நடுவில் நிற்பவள் இருப்பது ஐந்தாவது நிலையில் என்று சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதே பாயிரத்தில் பத்துக் குற்றங்களும் இருக்கின்றன. திருத்தும்போது என் கைக்கு அவை அப்படியே வரும். கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல். சொல் இருந்து பொருள் இல்லாத பத்திக்கு வெற்றெனத் தொடுத்தல். வேகமாக ஆரம்பித்துப் போகப்போகத் தளர்ந்து விழும் கட்டுரைக்குச் சென்று தேய்ந்து இறுதல். ‘சரியில்லை’ என்று சிவப்பு மையில் எழுதினால் மாணவர் வருந்துவார், திருத்தமாட்டார். ‘இங்கே மாறுகொளக் கூறல்’ என்று எழுதினால் முதல் பக்கத்தைப் புரட்டி எங்கே முரண்படுகிறது என்று தேடுவார். குற்றத்துக்குப் பெயர் இருந்தால் அது எழுதியவரைவிட்டுக் கழன்று தாளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தமிழ்த்துறைகள் இதை இலக்கண வரலாறாக நடத்திவிட்டுப் போவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

நம்மிடம் வாதத்துக்குப் பஞ்சம் இல்லை என்பார்கள், பட்டிமன்றத்தைக் காட்டுவார்கள். காரைக்குடிக் கம்பன் கழகத்தின் மேடைகளைக் கேட்டு வளர்ந்த மண் இது. என் மாணவர்களும் தலைப்பு கொடுத்தால் அரைமணியில் இரண்டு அணி பிரிந்து வெளுத்து வாங்குவார்கள். அதை நான் விரும்பிக் கேட்பேன். ஆனால் மேடையில் எதிரணிக்கு வேறொருவர் இருக்கிறார், தீர்ப்புக்கு நடுவர் இருக்கிறார், பேசுகிறவர் தன் பக்கத்தை மட்டும் தூக்கிப் பிடித்தால் போதும். எழுதும்போது எதிரணியும் நடுவரும் எழுதுகிறவரேதான். பேச்சில் கெட்டிக்காரரான பிள்ளை தாளின் முன்னால் திணறுவது இதனால்தான்.

இப்போது இன்னொரு கேள்வியையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, தலைப்பைச் சொன்னால் கட்டுரை வந்துவிடுகிறது, தமிழிலும்தான். அதற்கு முன்னால் மட்டும் என்ன நடந்தது? ஏ4 தாளில் முதல் பக்கத்துக்குப் பார்டர் போட்டு, உள்ளே ஒருவர் எழுதியதை நாற்பது பேர் பார்த்து எழுதிய அசைன்மென்ட்டுகள்தான் வந்துகொண்டிருந்தன. யாரும் வாசிக்கப்போவதில்லை என்று தெரிந்தால் எந்த மாணவரும் குறுக்குவழியில் போவார். அதில் வியக்க ஒன்றுமில்லை. விவசாயம் அழிந்தது ஏன் என்ற தலைப்புக்கு இயந்திரம் அந்தப் பெண்ணின் முதல் வரைவைவிட ஒழுங்கான ஒன்றைத் தரும். ஒத்திப் பத்திரத்தின் தேதி அதற்குத் தெரியாது. அப்பத்தாவிடம் போய் உட்காரவும் முடியாது. கேள்வியை ஊருக்குள், வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் மாணவர் தானே போய்த்தான் ஆக வேண்டும்.

இதெல்லாம் நடக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். நான் முக்கியமாகப் பேச விரும்புவது அதைத்தான். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணிநேரம் வகுப்பு என்பது பல்கலைக்கழக மானியக்குழு வைத்த அளவு. பொதுத்தமிழ் நடத்துகிறவருக்கு நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 60 பேர் என்று வைத்துக்கொண்டால் 240 தாள்கள். தாளுக்குப் பத்து நிமிஷம் என்றாலும் ஒரு வரைவுக்கு 40 மணிநேரம். மூன்று வரைவு கேட்டால் 120 மணிநேரம். அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டு எழுத்து வகுப்பு உண்டு. ஹார்வர்டில் 1885இல் அது முதலாண்டுப் பாடமானது. அங்கே கல்லூரி எழுத்தாசிரியர்களின் அமைப்பு ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 பேர் என்றால் நல்லது என்று சொல்கிறது. அந்த எண் நமக்கு உடனே கிடைக்கப்போவதில்லை. ஆனால் 60க்கும் 20க்கும் இடையில் 30 என்றொரு எண் இருக்கிறது. பொதுத்தமிழ்ப் பிரிவுகளை இரண்டாகப் பிரிக்க ஆளும் சம்பளமும்தான் தேவை.

அரசு கலைக் கல்லூரிகளில் இந்தத் தாள்களைத் திருத்துகிறவர்களில் கௌரவ விரிவுரையாளர்கள் மிகப் பலர். முனைவர் பட்டமோ தகுதித்தேர்வோ முடித்தவர்கள், 2025இல் அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய், வருஷத்தில் 11 மாதம். மானியக்குழு 2019இல் சொன்ன உச்சத்தொகை 50,000. அடுத்த ஆண்டு இதே கல்லூரியில் இருப்போமா என்று தெரியாதவரிடம், 240 தாள்களை மூன்று முறை ஆவலோடு படியுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? மாணவர்களிடம் சிந்தனை இல்லை என்று கருத்தரங்குகளில் கவலைப்படுகிறவர்கள் இந்தச் சம்பளப் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு கவலைப்பட வேண்டும்.

இருக்கும் நிலையில் நான் செய்வது இது. பெரும்பாலான இடங்களில் அகமதிப்பீடு 25, பருவத்தேர்வு 75. அந்த 25க்குள் அசைன்மென்ட்டுக்கு உள்ளதை முழுக்கவும் கடைசி வரைவுக்கு வைத்துவிடுகிறேன். எல்லா வரைவுகளையும் நானே படிப்பதில்லை. மாணவர்கள் மாற்றிக்கொண்டு படித்து, ஆளுக்கு மூன்று கேள்வி எழுதித் தர வேண்டும். பாராட்டோ திருத்தமோ கூடாது, கேள்வி மட்டும். இந்த ஏற்பாட்டைச் சுமை குறைக்கத்தான் கொண்டுவந்தேன், ஆனால் மாணவர் கேட்கும் கேள்வி பல சமயம் என் கேள்வியைவிடக் கூர்மையாக இருக்கிறது. போர் எத்தனை அடி போட்டீர்கள் என்று அந்தப் பெண்ணின் தாளில் கேட்டவன் வேதியியல் மாணவன். அவன் வீட்டிலும் போர் போட்டுத் தண்ணீர் வராமல் போயிருந்தது.

இந்தப் பருவத்தில் அவன் எழுதிக்கொண்டிருப்பது தன் ஊருக்கு வந்துகொண்டிருந்த இரவுப் பேருந்து நின்றுபோனதைப் பற்றி. ஆளே ஏறுவதில்லை என்று பணிமனையில் சொன்னார்களாம். கூட்டம் இருந்தது, டிரைவர் பற்றாக்குறைதான் காரணம் என்று ஓய்வுபெற்ற கண்டக்டர் சொல்கிறார். இரண்டில் எது என்று தெரிய, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிப் போடலாமா என்று கேட்டு வந்தான். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும் என்று அவனே படித்து வைத்திருந்தான். மனுவின் முதல் வரைவில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: எங்கள் ஊர் பஸ்ஸை ஏன் நிறுத்தினீர்கள்? ஏன் என்று கேட்டால், காரணம் விளக்குவது எங்கள் கடமை இல்லை என்று திருப்பிவிடுவார்கள். கோப்பில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும் என்றேன். எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி நிறுத்தப்பட்டது, கடைசி ஆறு மாதத்தில் அந்தத் தடத்தில் மாத வசூல் எவ்வளவு, அந்தக் காலத்தில் பணிமனையில் காலியாக இருந்த டிரைவர் பணியிடங்கள் எத்தனை என்று பிரித்து எழுதிக்கொண்டு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.